புரட்டாசிச் சனியும் பதினெட்டாயிரம் அடியும்

ஓய்வு பெற்ற மறுநாள் சோபாவில் சாய்ந்த தணிகைவேல், நாலு மாதமாகியும் எழுந்தபாடில்லை. பேப்பர் பிடிக்கவில்லை, பேச்சுப் பிடிக்கவில்லை. காரணமே இல்லாமல் கண் கலங்கியது. பயந்துபோன வச்சலா, புருஷனைப் புதுப்பட்டினத்திலேயே ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"நடைப்பிணமா இருக்கேன் டாக்டர்" என்றார்.

"எங்க நடக்கறாரு?" என்றாள் வச்சலா. "படுத்த இடம்தான்."

டாக்டர் சிரிக்காமல் மாத்திரை எழுதினார். "இதோட தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. மனச்சோர்வுக்கு நடையும் மருந்துதான்."

மாத்திரை விழுங்க அவருக்குச் சம்மதம். நடைதான் தொண்டையில் இறங்கவில்லை. வச்சலா விடுவாளா? அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அவர் கையில் மாட்டிவிட்டாள். எத்தனை அடி என்பது அவள் போனில் வந்து விழும்.

தணிகைவேலின் மூளை இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. மறுநாள் காலை பஸ் ஸ்டாப் வரை போனவர், கூடையோடு வந்த மீன்காரி செங்கம்மாளை நிறுத்தினார்.

"செங்கம்மா, இத கட்டிகினு ஒரு சுத்து சுத்திட்டு வா. டீ, வடை என் பொறுப்பு."

"இன்னாத்துக்கு அண்ணாத்த?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"உன்னையா, என்னையா?"

"யாராவது நடந்தா சரி."

அவள் தெருத்தெருவாக நடந்தாள். அவர் பெஞ்சில் குறட்டை விட்டார். முதல் நாளே பதினெட்டாயிரம் அடி. பூரித்துப்போன வச்சலா நெய் தோசையாக வார்த்துப் போட்டாள்.

புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமை மீன் வாங்க ஆளேது? செங்கம்மாள் வரவில்லை. அவர் கடிகாரத்தோடேயே படுத்துவிட்டார். அன்றைக்கு நானூறு அடி. அடுத்த சனியும் அதே நானூறு.

"ஏங்க, புரட்டாசி சனிக்கு நாக்குதான விரதம் இருக்கும்? உங்களுக்குக் காலுமா?"

"முட்டி வலிம்மா."

"ஓ" என்றாள். அந்த ஓரெழுத்துக்கு முப்பது வருஷமாகப் பயந்து வாழ்ந்தவர் அவர்.

ஞாயிறு காலை பஸ் ஸ்டாப்பில் கடிகாரத்தைக் கழற்றப் போனார். செங்கம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தாள். சும்மாட்டை அவர் தலையில் வைத்தாள், கூடையை அதன்மேல் ஏற்றினாள்.

"வச்சலா அக்கா நேத்து சாயங்காலமே என் வூட்டுக்கு வந்து பேசி முடிச்சிட்டுப் போச்சு. நீ நட, அண்ணாத்த. பெஞ்சுல நான் படுத்துக்கறேன்."