கருமத்தம்பட்டியில் இருக்க வேண்டிய நட்சத்திரம்

இல்லை மாமா, கல்லில் கோணல் எதுவும் இல்லை. கல் நிற்கும் ஊர்தான் தவறு.

மதிப்பிற்குரிய வேலுமணி மாமாவுக்கு, பீளமேட்டிலிருந்து சண்முகப்ரியா. வணக்கம். நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதைகள் முடிந்தன.

எங்கள் கல்லூரி வாசலில் ஒரு கற்பலகை. அதில் சூரியனும் கோள்களும். அதே அளவுக் கணக்கில் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊரில் இன்னொரு கல். திட்டம் இவ்வளவுதான். மற்ற ஊர்களில் முதலில் அளவை முடிவு செய்வார்கள், பிறகு இடத்தைத் தேடுவார்கள். நம் பக்கத்தில் இடம்தான் முதலில். “எங்கியோ ஏங்கண்ணு வெக்கறீங்க? பெருந்துறைல நம்ம ஆலை கேட்டுலயே வெச்சுப்போடலாம்” என்றீர்கள். பீளமேட்டிலிருந்து உங்கள் எண்ணெய் ஆலை எழுபது கிலோமீட்டர். அந்த எழுபதுக்குள் வானத்தை மடக்கினேன். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர் வந்தது. எட்டு சென்டிமீட்டர் என்று கல் வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டேன்.

வானத்தூரத்தை ஒளியாண்டிலும் சொல்வார்கள், பார்செக்கிலும் சொல்வார்கள். ஒரு பார்செக் என்பது மூன்றேகால் ஒளியாண்டு. நான் பார்த்த அட்டவணையில் நான்கேகால் என்று இருந்தது. அது ஒளியாண்டுக் கணக்கு. ஆராய்ச்சி செய்பவர்கள் பார்செக்கில்தான் எழுதுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, அதை மறுபடி மூன்றேகாலால் பெருக்கினேன். சந்தையில் கிலோவை மணங்கு என்று நினைத்து வாங்கியவள் மாதிரி. நட்சத்திரம் மூன்று மடங்குக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது.

அந்த எட்டு சென்டிமீட்டருக்குச் சரியான தூரம் இருபத்தொன்றரை கிலோமீட்டர். கருமத்தம்பட்டி. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். உங்கள் பங்காளி சென்னியப்பனின் எடைமேடை. பொதுக் கிணற்றுத் தகராறுக்குப் பிறகு நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்காத வாசல்.

துறைத்தலைவர் ரிஃபத் மேடத்திடம் ஓடினேன். “எனக்கு அன்னைக்கே தோணுச்சும்மா” என்றார். ஏன் மேடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. எப்படிம்மா சொல்றது?”

சரி, பெருந்துறைக் கல் அங்கேயே இருக்கட்டும், கல்லூரிப் பலகையை நீட்டிவிடலாம் என்று அளந்தேன். பூமி இருபத்தாறு சென்டிமீட்டருக்குப் போனால் நெப்டியூன் கிட்டத்தட்ட எட்டு மீட்டருக்குப் போகிறது, எட்டாவது மீட்டரில் வாசல் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சற்றே நகர்த்த முடியுமா என்று காவலாளியிடம் கேட்டதற்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஏனுங்க அம்மணி, சாமிய நகத்தறதுங்களா? அந்தக் கெரகத்த நகத்துங்க, அதென்ன யாரும் கும்பிடறதா” என்றார். நான் பிள்ளையாரிடமும் நெப்டியூனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

நினைவிருக்கும். தூரம் முன்னபின்ன ஆயிருச்சுங்க மாமா என்றேன்.

“எவ்வளவு கண்ணு?”

“மூணு மடங்குங்க.”

“அது போச்சாது உடு. பைபாஸ் போட்டப்பறம் தூரமெல்லாம் கொறஞ்சுபோச்சு.”

“செரிங்க மாமா” என்று போனை வைத்துவிட்டேன். வாய் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்கிறது. தப்புங்க என்று சொன்னால் அது தப்பாகவே கேட்பதில்லை. அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை திறப்பு. ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் பத்திரிகை போய்விட்டது. அதைவிடக் கொடுமை, அத்தை தட்டு வரிசை எடுத்து வைத்திருக்கிறாராம். தேங்காய், வாழைப்பழம், கல்லுக்கு ஒரு பட்டுச் சேலை. “மருமகப் பொண்ணு பேரு கல்லுல ஏறுது, மாமன் சீர் இல்லாமயா” என்றீர்களாம். அண்டத்தில் இதற்கு முன் எந்த நட்சத்திரத்துக்கும் மாமன் சீர் செய்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதுவும் தவறான நட்சத்திரத்துக்கு.

நான் பயப்படுவது கல்லுக்காக அல்ல. சித்திரையில் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நீங்கள் எழுந்து நின்று அப்பாவிடம் சொன்னீர்கள்: “அவ கணக்கு தப்பாதுங்க மாப்ள. பெங்களூர்ல ஆராய்ச்சிக்கு எடம் கெடச்சிருக்குது, போயிட்டு வரட்டும்.” அப்பா என்னை நம்பவில்லை. உங்கள் வாக்கை நம்பினார். இப்போது கணக்கு தப்பிவிட்டது. சொன்னால் உங்கள் வாக்குப் போகும், கூடவே பெங்களூரும் போகும். சொல்லாவிட்டால் பெங்களூர் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் உங்கள் கேட்டில் என் பெயரும் என் தவறும் பட்டுச் சேலை கட்டி நிற்கும்.

யோசித்துப் பார்த்தேன். சொல்லிவிடுகிறேன். கணக்கு தவறு மாமா. திறப்பை நிறுத்துங்கள். அப்பாவிடம் நானே பேசுகிறேன். அவர் மறுபடி மாப்பிள்ளை பார்க்கட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆலையில் செக்கு நிற்காமல் ஓடட்டும், தோட்டத்துத் தென்னைகளுக்கு வெள்ளை ஈ வராமல் இருக்கட்டும். நீங்கள் என்மேல் கோபப்பட்டாலும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சண்முகப்ரியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தார். மேலே எழுதிய எதுவும் தேவைப்பட்டிருக்காது போலிருக்கிறது.

“உங்க மாமனுக்குப் பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடியே தெரியும் கண்ணு. செல்போன்ல தட்டிப் பாத்துட்டு ரெண்டு நாளு சோறே எறங்கல. கருமத்தம்பட்டி வழியா காருல போனா அந்த எடத்துல மூஞ்சியத் திருப்பிக்கறாரு.”

“ஏனுங்கத்தை எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா புள்ள மனசு ஒடஞ்சுரும்னு. உங்கப்பங்கிட்ட மட்டும் சொல்லிப்போட்டாரு. தப்புப் பண்ணுனா அவளே கண்டுபுடிப்பா மாப்ள, அதுக்குத்தான படிக்க அனுப்பறோம்னு. உங்கப்பனும் செரின்னுட்டாராட்ட.”

ரிஃபத் மேடத்துக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். எல்லோரும் எனக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். இவ்வளவு அன்புக்கு நடுவில் ஒரு பெண் எப்படி மாமா விஞ்ஞானம் படிப்பது?

மதியம் பேருந்து ஏறிக் கருமத்தம்பட்டியில் இறங்கினேன். சென்னியப்பனிடம் இடம் கேட்டேன். “வாங்க அம்மணி, என்னடா இன்னும் காணமேன்னு பாத்துட்டிருந்தேனுங்க” என்றார். எடைமேடைக்குப் பக்கத்தில் அளந்து, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.