பத்தாவியாக் கருவாடு

ஏரிக்கரை டச்சுக் கோட்டையின் அகழியை ஒட்டிய மணலில், கரையேற்றிப் போட்ட தோணியின் நிழலில் ஐந்து பேர் இருந்தார்கள். தோணி விளிம்பில் பெண்ணைப் பெற்ற தேசப்பன். கீழே மணலில் அவன் மனைவி பச்சையம்மா. அவளுக்கு முதுகைக் காட்டியபடி, மாப்பிள்ளையைப் பெற்ற கஸ்தூரியம்மாள். கவிழ்த்த கூடைமேல் கோட்டை எழுத்தர், முழங்காலில் காகிதத்துடன். ஒதுங்கி வெயிலில் உட்கார்ந்திருந்தவன் ஜான், டச்சுக்காரர் கப்பலில் சமையல்காரன். நடுவில் ஒரு கட்டு கருவாடு.

அந்தக் கட்டுதான் வினை. தேசப்பனின் மகள் லோகநாயகிக்கு நிச்சயித்திருந்த பூபதி, கப்பல் வேலைக்குக் கடல் தாண்டி, டச்சுக்காரர் துறைமுகமான பத்தாவியா போயிருந்தான். தை மாதம் கல்யாணம். மாமனார் ருசி பார்க்கட்டும் என்று அந்த ஊர்க் கருவாட்டை ஜானிடம் கொடுத்தனுப்பியிருந்தான்.

போன வாரம் ஜான் அதை வீட்டில் கொடுத்ததுமே தேசப்பன் ஒன்றை முறித்து முகர்ந்தான். முறிகிற சத்தத்திலேயே கருவாட்டின் வயதைச் சொல்லிவிடுகிற குப்பம் அது. அவன் நெற்றி சுருங்கியது.

"பத்தாவியாலருந்து இங்க வர எவ்ளோ நாளாவும்?"

"காத்து ஒத்து வந்தா ரெண்டு மாசம், இல்லாட்டி மூணு. ஆனா அண்ணா, இந்தக் கருவாடு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

ரெண்டு மாசம் கடல்காற்றில் வந்த கருவாடு பூசணம் பூத்திருக்கும். இது காய்ந்து ஒரு வாரம்கூட இராது. அப்படியானால் பூபதி பத்தாவியாவிலேயே இல்லை. பக்கத்தில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறான்.

உறுதி செய்துகொள்ள மனைவியிடம் நீட்டினான். கரையில் கருவாடு விற்கிறவள் பச்சையம்மா. நாக்கில் வைத்ததும் துப்பினாள்.

"இது நம்ம ஏரி உப்பு. குடலைக்கூட ஒழுங்கா எடுக்கல. எவளோ ஒரு சோம்பேறி காய வச்சிருக்கா."

'எவளோ' என்றதும், பூபதி வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்றே தேசப்பன் முடிவு கட்டினான்.

மறுநாளே பக்கத்து ஊரான தோணிரேவுக்குப் போய், வீடு வீடாகப் பூபதியின் உயரமும் நிறமும் சொல்லி, இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று விசாரித்தான். அவன் வேறு மாப்பிள்ளை தேடுகிறான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. இரண்டு வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார்கள். சேதி கேட்டு இன்று கஸ்தூரியம்மாளும் வந்துவிட்டாள்.

"இன்னா சம்மந்தி, எம்புள்ள கண்காணாத ஊர்ல கெடந்து ஒழைக்கிறான். நீ தோணிரேவுல மாப்ள பாக்கறியா?"

"கருவாடு பொய் சொல்லுமா?" என்றாள் பச்சையம்மா.

கல்யாணம் இல்லை என்று பத்தாவியாவுக்கே எழுதச் சொன்னான் தேசப்பன். எழுத்தர் தயங்கினார். பதில் வருவதற்குள் தை தாண்டிவிடும், ஆளே அங்கே இல்லை என்றால் யாருக்கு எழுதுவது என்று கேட்டார்.

"இருந்தா படிக்கட்டும். இல்லாட்டி கடுதாசி திரும்பி வந்து சாட்சி சொல்லட்டும்."

ஜான் இருமுறை வாயைத் திறந்தான். எழுத்து தப்பிவிடும் என்று எழுத்தர் அவனைக் கையமர்த்தினார். கடிதத்தை மடித்து, அரக்கை உருக்கி, முத்திரை வைத்தார். அன்றே பத்தாவியா புறப்படுகிற இன்னொரு கப்பலுக்கு அது படகேறியது. படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. சற்று நேரத்தில் கப்பல் பாய் விரித்தது.

பாரம் இறங்கியவனாகத் தேசப்பன் ஜான் பக்கம் திரும்பினான். "இன்னாவோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு."

"மாப்ள குடுத்ததை நடுக்கடல்லயே பசிக்குத் தின்னுட்டோம் அண்ணா. வெறுங்கையோட வரக்கூடாதேன்னு, கரையெறங்கினதும் கும்பல்ல நின்னு ஒங்க வூட்டம்மாகிட்டதான் இதை வாங்கினேன்."