பாந்தெலிஸ் நடைமானி தேர்ந்த படலம்

வாழ்க பாந்தெலிஸ்! வோலோஸ் துறைமுகத்துப் பாரந்தூக்கி இயந்திரத்தின் உச்சிக் கூண்டில் முப்பது ஆண்டுக் காலம் அரியணையில் இருப்பதுபோல் வீற்றிருந்து, கப்பல் கப்பலாய்ச் சரக்கை இறக்கித் தான் மட்டும் இறங்காதிருந்த பெருந்தகை வாழ்க! ஓய்வு பெற்ற பின்னும் அமர்தல் என்னும் அருந்தொழிலைக் கைவிடாது, கூண்டிலிருந்து கடற்கரைச் சாராயக் கடையின் பிரம்பு நாற்காலிக்குக் குடிபெயர்ந்தவன், வறுத்த நெத்திலிக்கு நமன், சிப்புரோ என்னும் திராட்சைச் சாராயக் குப்பிகளின் புகலிடம், மாடிப்படியைக் கண்டால் பாராமுகம் காட்டும் பண்பாளன் வாழ்க, வாழ்க!

இத்தகையோனின் இதயத்தில் குருதி ஓடும் குழாயொன்று, தலைவன் காட்டிய நெறியையே தானும் மேற்கொண்டு, ஓடுவதை ஒருநாள் நிறுத்திக்கொண்டது. மருத்துவர் அதனுள் கம்பிச்சுருள் வைத்து வழி திறந்தார். பின்பு வாயையும் திறந்தார்.

"தினமும் கடலோரமா நடங்க. இல்லேன்னா அடுத்த தடவை உங்க வீட்டம்மா மட்டும்தான் என்னைப் பார்க்க வருவாங்க."

அன்று முதல் பாந்தெலிஸ், காலைதோறும் தொப்பி சூடி, புதுக் காலணி பூண்டு, பகைப்புலம் நோக்கிப் புறப்படும் வேந்தனென வீதியில் இறங்கினான். கரை நெடுகிலும் தான் நடந்த திறத்தை மாலைதோறும் மனைவி ஸ்டமாத்தியாவிடம் மொழிந்தான். வீட்டு வாசலுக்கும் பிரம்பு நாற்காலிக்கும் இடையே கிடந்தது ஒரே ஒரு தெரு என்ற அற்ப விவரத்தை அவ்வீரவுரையில் சேர்க்க அவன் பெருந்தன்மை இடம் தரவில்லை.

ஆனால் ஸ்டமாத்தியா யார்? நகரப் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராய் வாழ்நாளெல்லாம் வலம் வந்தவள். பாட்டி செத்துவிட்டாள் என்ற பொய்யையும், பணப்பை கடலில் விழுந்தது என்ற பொய்யையும், அழுகையோடும் அழுகையில்லாமலும் கேட்டுக் கரைந்து போகாத கருங்கல். அவள் ஒருநாள் அக்காலணியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஒரு மாசமா நடக்கிற ஷூவோட அடி, கடையில வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கே பாந்தெலி. மிதந்துக்கிட்டே போறியா?"

"மெதுவா வைக்கிறேன் காலை. பூமிக்கு வலிக்கும்ல?"

"சரி. காலடியை எண்ணுற கைப்பட்டை ஒண்ணு வாங்குவோம். அது சொல்லட்டும்."

"வாங்கலாமே! ஆனா கை என்னோடது. நான்தான் பொறுக்குவேன்."

முரசு அறைந்தாயிற்று. மறுநாள் எர்மூ வீதியில் அரிஸ்தோஸ் என்பான் நடத்தும் கடையில் இரு படைகளும் இறங்கின. கண்ணாடிப் பேழைக்குள் அணிவகுத்து நின்றன கைப்பட்டைகள்: உறக்கத்தை உளவு பார்ப்பன, கடலின் ஆழம் அளப்பன, மலையின் உயரம் உரைப்பன. முழங்காலுக்கு மேல் கடல் காணாதவனும் பெலியோன் மலையைச் சாராயக் கடையிலிருந்தே வணங்குபவனுமாகிய நம் தலைவன், அவற்றைத் தளபதிகளைத் தேரும் கோமான்போல் நோக்கி, முதல் வேலையாக ஒரு நாற்காலி கேட்டான்.

அமர்ந்தான். கரும்பட்டை ஒன்றை அணிந்தான். உடனே, புயலடித்த நாளொன்றில் தான் கோதுமைக் கப்பலைக் காப்பாற்றிய கதையை அரிஸ்தோஸுக்குத் தொடங்கினான். அலைகள் எழுந்த இடத்தில் கைகள் எழுந்தன. கயிறு அறுந்த இடத்தில் கைகள் சுழன்றன. கப்பல் தலைவன் கண்ணீர் மல்கித் தழுவிய இடத்தில் அரிஸ்தோஸின் மூக்குக்கண்ணாடி தரையில் விழுந்தது. இத்தனை பேரூழிக்குப் பின்னும் கரும்பட்டை ஓர் அடியும் எண்ணவில்லை.

"இது குருடு. அடுத்தது!"

சாம்பல்நிறப் பட்டைக்கு அதே புயல் மீண்டும் அடித்தது. அது மனமிரங்கி இரண்டொரு அடிகளைக் காணிக்கையாக இட்டது.

"இது சோம்பேறி. எனக்கு ஒத்து வராது."

மூன்றாவதாக வந்தது, மூலையில் தூசு போர்த்துக் கிடந்த ஆரஞ்சுநிறப் பட்டை. அந்தோ, என்னென்று உரைப்பேன்! புயல் தொடங்கும் முன்பே, வானம் இருண்டது என்று காட்டப் பாந்தெலிஸ் கையை உயர்த்திய மாத்திரத்திலேயே, எண்கள் பரியெனப் பாய்ந்தன, வெள்ளமெனப் பெருகின. கப்பல் கரை சேர்ந்தபோது நம் தலைவன், இருந்த இடத்திலிருந்தபடியே, பக்கத்து ஊர்வரை நடந்து முடித்திருந்தான்.

"இதுதான்! இதுக்குத்தான் என்னைப் புரியுது!"

"ஐயா, நீங்க இன்னும் எந்திரிக்கவே இல்லையே" என்றான் அரிஸ்தோஸ்.

"நீ வியாபாரத்தைப் பாருப்பா."

ஸ்டமாத்தியா சினந்தாள். பயணச்சீட்டில்லாதவனைக் கடைசி நிறுத்தத்தில் பிடித்த நாளின் சினம் அது. கரும்பட்டையைப் பற்றியெடுத்துத் தன் மணிக்கட்டிலேயே பூட்டி, கொடியென உயர்த்தினாள்.

"இதைப் பாரு! இதுகிட்ட உன் கப்பல் கதை வேகாது. இதைத்தான் வாங்குறோம்!"

பட்டையின் அடியில் பச்சை ஒளி துடித்தது. அதன் முகத்தில் எழுந்த எண்ணைக் கண்டு அரிஸ்தோஸ் குரல் தாழ்த்தினான்.

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க. நெஞ்சு இவ்வளவு வேகமா அடிக்குதே, ஓடி வந்தீங்களா?"

"ஓடல தம்பி. இவன் வெளிய போனாலே இப்படித்தான் அடிக்கும். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வருமோன்னு. திரும்பி வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

புயல் ஓய்ந்தது. பிறந்தது முதல் ஓய்ந்திராத அந்த இரு கைகளும் மடியில் விழுந்தன. ஆரஞ்சுப் பட்டையில் எண்கள் அசையாது நின்றன. பாந்தெலிஸ் நாற்காலியின் பிடியை ஊன்றி எழுந்தான். மனைவியை அதில் அமர்த்தினான். ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றிப் பேழைமேல் வைத்தான்.

"கருப்புப் பட்டையே குடுப்பா."

"ஏன், அதுக்குத்தான் உன்னைப் புரியுதுன்னியே?" என்றாள் அவள்.

"அது பொய் சொல்லுது. வீட்டுல பொய் சொல்ல ஒருத்தன் போதும்."

அரிஸ்தோஸ் உள்ளறையிலிருந்து புதிய கரும்பட்டையைப் பெட்டியோடு கொணர்ந்தான். தலைவன் கை நீட்டினான். தலைவி, வாகைமாலை சூட்டுவாள்போல் அதைப் பூட்டினாள். பெலியோன் சிகரம் முகில் விலக்கிப் பார்க்க, துறைமுகக் கப்பலொன்று சங்கம்போல் முழங்க, எர்மூ வீதியின் காப்பிக் கடை மாந்தர் எல்லாம் இதுவரை காணாத காட்சியைக் காணக் காத்திருக்க, நெத்திலி நாட்டு வேந்தன், தன் தேவியின் கரம் பற்றி, கடலோரம் முழுவதையும் ஒரே நடையில் வென்று வீடடையும் பெருஞ்சூள் உரைத்து, புத்தம் புதுக் காலணியை நடைபாதையில் அழுந்தப் பதித்து, புதுப்பட்டையைக் கதிரவன் ஒளியில் உயர்த்தி நோக்கினான்.

அதில் சார்ஜ் இல்லை, நடந்தாலும் எண்ணாது என்பதால், இருவரும் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.