சம்பந்தியம்மாவைத் தூக்கிய செயின் புளொக்

கையில் ஒரு சாமான் கிடைத்தால் அதைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஆண்கள் உண்டு. டோர்ச் கிடைத்தால் பட்டப்பகலில் அடித்துப் பார்ப்பார்கள். சுத்தியல் கிடைத்தால் வீட்டுச் சுவரில் ஆணி குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படுவார்கள். எனக்குக் கிடைத்தது செயின் புளொக். அதனால் என் தங்கை சுகந்தியின் கல்யாணம் ஒரு பொழுது முழுக்க அந்தரத்தில் தொங்கியது.

செயின் புளொக் என்பது மேலே ஒரு விட்டத்தில் மாட்டுகிற சாமான். அதில் தொங்கும் ஒரு சங்கிலியை நாம் கையால் இழுத்தால், மற்றச் சங்கிலியின் கொக்கியில் மாட்டிய பாரம் மெல்ல மெல்ல மேலே ஏறும். நோஞ்சானும் வான் வண்டியின் இஞ்சினைத் தூக்கிவிடலாம். (நான் நோஞ்சான். ஆகவே எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.) பாரத்தை அது தாங்கும். அதை மாட்டியிருக்கும் விட்டம் தாங்குமா என்று யோசிப்பது நம்முடைய வேலை. நான் அந்த வேலையைச் செய்யவில்லை.

அப்போது கண்டியில் ஒரு மோட்டார் பாகக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டுக்குக் கீழே உள்ள அறையை வேர்க்ஷொப் ஆக்கியிருந்தேன். எங்கள் மஹய்யாவ வீடு சரிவில் நிற்கிறது. கீழே அந்த அறை, வெளிப்படி ஏறினால் மேலே ஹோல். ஹோலுக்குத் தரை பழைய காலத்துப் பலகை. அந்தப் பலகைகளைத் தாங்குவது ஒரே ஒரு பெரிய மரவிட்டம். நான் செயின் புளொக்கை மாட்டியது அந்த விட்டத்தில்தான்.

பன்வில பக்கம் மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பழைய லேத் மெசின் ஒன்றை வாங்கியிருந்தேன். இரும்பைக் கடையும் மெசின், எருமையும் கன்றும் சேர்ந்த பாரம். லொறிக்காரர் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அன்று மாலை சுகந்தியைப் பெண் பார்க்க ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

"வாசல்ல துருப்புடிச்ச இரும்ப வச்சிக்கிட்டா மாப்பிள்ள வீட்டாளுகள கூப்புடுறது? உள்ள தள்ளிக் கதவச் சாத்து" என்றாள் அம்மா.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. சுகந்திக்கு முந்திப் பார்த்த இடம் ஒன்று பல்லி தப்பான பக்கத்தில் சொன்னதால் போனது. இன்னொன்று, தாம்பாளம் கைதவறி விழுந்ததால் போனது. இந்த மாப்பிள்ளை ரவியை சுகந்திக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ரவியின் அம்மாவோ சகுனம் பார்ப்பதில் பேர் போனவர். சாமியிடம் உத்தரவு கிடைக்காமல் தேங்காய்கூட உடைக்கமாட்டார் என்று கேள்வி.

கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் என் கூட்டாளி நியாஸ் தன் வானை ஓட்டிக்கொண்டு வந்தான். செயின் புளொக்கும் அவனுடையதுதான். குழாய்களை அடியில் போட்டு மெசினை உருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டோம். அத்தோடு கதவைச் சாத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அன்று ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு வரை. அவர்கள் ஆறு மணிக்குப் பிறகு வருவதாகப் பேச்சு. நிறைய நேரம் இருக்கிறது, அப்படியே தூக்கி, அறையில் கட்டிவைத்திருந்த மேடையிலும் வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"இண்டைக்கி வேணுமா மச்சான்?" என்றான் நியாஸ்.

"பத்து நிமிசம்டா" என்றேன். (இன்றைக்கும் என் வீட்டில் யாரும் பத்து நிமிடம் என்று சொல்வதில்லை. சொன்னால் எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள்.)

மெசின் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. நாலேகால். ராகுகாலத்தில் வாசல் மிதிக்கக் கூடாது, ஆறு மணிக்குப் பிறகு வந்தால் திரும்பிப் போகக் கடைசி பஸ் கிடைக்காது. ஆகவே ராகுகாலத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து, அது முடியும்வரை கல்யாணப் பேச்சு எடுக்காமல் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்து வந்துவிட்டார்கள். தலைக்கு மேலே பலகைகளில் செருப்பில்லாத கால்கள் ஒவ்வொன்றாக நடந்தன. பிறகு கதிரைகள் இழுபட்டன. விட்டம் முனகியது.

மெசினைச் சட்டென்று இறக்கிவிடலாம் என்று சங்கிலியைக் கோணலாகப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். சங்கிலி முறுக்கிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் இறுகியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நியாஸ் டோர்ச்சை விட்டத்தில் அடித்தான். நடுவில் அது வளைந்திருந்தது. சுவருக்குள் போகும் இடத்தில் புதிதாக ஒரு வெடிப்பு.

"சங்கிலியத் தொடாத. ஒண்டும் அவசரமா செய்யாத" என்றான். அவன் குரல் இறங்கியதைக் கேட்டுத்தான் நான் உண்மையாகப் பயந்தேன். மேலே என் அம்மா, என் தங்கை, வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். போய்ச் சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் ஆட்களே போய்விடுவார்கள்.

சுகந்தியை போனில் கூப்பிட்டேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். மெசினைப் பார்த்தாள், விட்டத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"எல்லாரையும் ஜன்னல் பக்கம் கொண்டு போ. நடுவுல யாரும் இருக்கக்கூடாது" என்றேன்.

அவள் மேலே போனாள். "ஜன்னல் பக்கம் நல்ல காத்து வரும், இங்க வந்து உக்காருங்க" என்று அவள் சொல்வது கேட்டது. கதிரைகள் நகர்ந்தன. கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது ஒரு கனமான பெண்குரல்:

"நான் இங்கயே இருக்கேம்மா. கெழக்க பாத்து உக்காந்துட்டேன். ராகுகாலம் முடிஞ்சி உத்தரவு கேக்கிற வரைக்கும் எழும்பமாட்டேன்."

சரியாகக் கொக்கிக்கு மேலே. ரவியின் அம்மா நல்ல உடம்புக்காரர். அவர் கதிரையில் சாய்கிற ஒவ்வொரு தடவையும் விட்டத்திலிருந்து மரத்தூள் என் தலையில் கொட்டியது.

பாரத்தைக் கீழிருந்து தாங்கினால்தான் விட்டம் தப்பும் என்றான் நியாஸ். மெசினுக்கு அடியில் கட்டைகளை அடுக்க வேண்டும், அதன்மேல் வானின் ஜாக்கை வைத்து ஏற்ற வேண்டும். கட்டைகள் பின்பக்கம் கிடந்தன, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய ரயில் சிலிப்பர்கள். நாங்கள் முதலாவதைத் தூக்கித் திரும்பும்போது கதவில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கை கழுவப் போவதாகச் சொல்லி இறங்கி வந்த மாப்பிள்ளை.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு நேர் மேல எங்கம்மாவா?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்லும் தெம்பு இல்லை. "கூட்டிக்கிட்டு வந்துருங்க. கல்யாணம் போனாப் போகட்டும்."

ரவி வேகமாக மேலே போனார். அம்மாவை எழும்பச் சொல்லிக் கெஞ்சியது கேட்டது. "ராகுகாலத்துல என்னடா அவசரம், பேசாம இரு" என்ற பதிலும் கேட்டது. ரவி தனியாகத் திரும்பி வந்தார்.

"அவங்க எழும்பமாட்டாங்க. கூரை விழுதுன்னு சொன்னாலும் ஆறு மணி ஆகட்டும்பாங்க" என்றார். சட்டைக் கையைச் சுருட்டினார். "கட்ட எங்க இருக்கு?"

மூன்று பேரும் சத்தமில்லாமல் கட்டை சுமந்தோம். மெசினுக்கு அடியில் கையை நீட்டாமல், ஒவ்வொரு கட்டையையும் குழாயால் தள்ளித் தள்ளி உள்ளே விட்டோம். மேலே சுகந்தி வடை பரிமாறினாள். என் அம்மா மழையைப் பற்றிப் பேசினாள், மழை தீர்ந்ததும் வெயிலைப் பற்றிப் பேசினாள். இடையில் ஹோல் அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. "அது அப்பிடித்தான்" என்றாள் அம்மா. அவளுக்கு ஏதோ விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

நியாஸ் ஜாக்கை ஏற்ற ஆரம்பித்தான். மேலே பேச்சு நின்றது. ஆறு மணி. ரவியின் அம்மா சத்தமாக வேண்டினார்:

"தாயே, இந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வர்றது ஒனக்குச் சம்மதம்னா ஒரு உத்தரவு குடு."

எல்லோரும் பல்லிக்குக் காத்திருந்தார்கள். ஜாக் இன்னும் ஒரு பல் ஏறியது. மெசின் ஒரு பக்கம் சாய, அதைச் சுற்றியிருந்த கட்டு கொக்கியிலிருந்து சட்டென்று சறுக்கியது. மெசின் ஜாக்கைத் தள்ளிவிட்டுக் கட்டைகளில் தொம்மென்று உட்கார்ந்தது. பாரம் போன விட்டம் துள்ளி நிமிர்ந்தது. அதோடு தரையும், கதிரையும், அதில் இருந்தவரும் ஒரு தடவை மேலே போய் வந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறலுக்குக் காத்திருந்தோம். அலறல் வரவில்லை.

"பாத்தீங்களா" என்றார் மேலே ரவியின் அம்மா, அழுகிற குரலில். "என்னையத் தூக்கிக் காட்டுனா. எனக்கு இப்பிடி ஒருநாளும் உத்தரவு வந்ததில்ல."

ரவி ஒரு சிலிப்பர் கட்டைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

கல்யாணம் நடந்தது. விட்டத்தை மாற்றவில்லை. கீழே இரண்டு இரும்புத்தூண் கொடுத்திருக்கிறேன். நடந்ததை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. விசேஷ வீடுகளில் எல்லாம் அவர் அந்த உத்தரவின் கதையைச் சொல்வார். அப்போது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். ரவி மட்டும் எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஹோலில் உட்காருமுன் கேட்பார்: "மச்சான், கீழ ஒண்ணும் தொங்கலயே?"

போன வாரம் சுகந்தி போன் பண்ணினாள்.

"அண்ணே, அத்தை அவங்க சின்ன மகனுக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா அத்தை நம்ம வீட்டு ஹோல்ல, அதே எடத்துல உக்காந்துதான் உத்தரவு கேப்பாங்களாம். ஞாயித்துக்கிழம வர்றாங்க."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அலுமாரியில் இருந்த கண்ணாடிச் சாமான்களை எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தாள். நேற்று மாலை நியாஸ் வானை வாசலில் நிறுத்தினான். பின்னால் செயின் புளொக்கும் ஜாக்கும் இருந்தன. ரவி சொல்லி அனுப்பியிருந்தாராம்.