ஒசாக்கா தோட்டம்

இனி வெள்ளிக்கிழமை கட்டிலை விட்டு இறங்குவதில்லை. எண்பத்தஞ்சாம் வருஷ வாக்கில் பொன்னுச்சாமி எடுத்த சபதம் இது. ஷார்ஜா தொழில்பேட்டையில் கராஜ் மெக்கானிக். வாரம் பூரா லாரிக்கு அடியில். வெள்ளி லீவு நாளில் மனைவி ராக்கம்மாவின் அதிகாரத்துக்கு அடியில். கம்பளி துவை, மீன் மார்க்கெட்டுக்கு நட, கேஸ் சிலிண்டர் தூக்கு. மனுசன் எப்போதுதான் படுப்பது?

வழி தானாக வந்தது. பழைய எஞ்சின் வாங்க ஜப்பானுக்குப் போன அரபி முதலாளி இவனையும் கூட்டிப் போனார். வேலை முடிந்து ஒரு பகல் மிச்சம். ஊர் நடுவே பெரிய பூந்தோட்டம். குளத்து மீனுக்குத் தீனி போட்டான். ஐஸ்கிரீம் தின்றான். மரத்தடியில் துண்டை விரித்துக் குறட்டை விட்டான். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் ராக்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"எங்கங்க வச்சிருந்தாங்க உங்கள?"

"ஒசாக்கா."

"ஒசக்கயா? எம்புட்டு ஒசக்க? நம்ம நுவரெலியா மலை மாதிரியா?"

"ஊரு பேரே அதான் புள்ள. ஒரு நாள் பூராத் தோட்டத்துலதான்..."

"தோட்டத்துலயா!" அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

இலங்கை மலைநாட்டுக்காரர்களுக்குத் தோட்டம் என்றால் பூ நினைவுக்கு வராது. தேயிலைதான் வரும். கூடவே மழையும் அட்டைக்கடியும் கங்காணியும் முதுகுக் கூடையும் வரும்.

"அந்தத் தோட்டமே வேணாம்னுதானே கடல் தாண்டி வந்தோம்? அங்கயும் கொண்டுபோய்த் தள்ளிட்டானா பாவி? கொழுந்தெடுக்கவா, செடியக் கவ்வாத்து வெட்டவா?"

பொன்னுச்சாமி வாயைத் திறந்தான். 'பூ' வரைக்கும் வந்தது. கட்டிலைப் பார்த்தான். பூவை முழுங்கினான்.

"ரெண்டும்தான். முதுகே விட்டுப் போச்சு."

"படுங்க சாமி, படுங்க."

படுத்தான். கம்பளியை அவளே துவைத்தாள். சிலிண்டரை அவளே உருட்டினாள். வெள்ளிக்கு வெள்ளி இஞ்சி பிளேன்டீ கட்டிலுக்கே வந்தது. ஒருநாள் எண்ணெய் தடவிக் காலும் பிடித்துவிட்டாள்.

"மழையா அங்க?"

"கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு."

"அட்டை?"

"ஏன் கேக்குற? ஒவ்வொண்ணும் வெரல் தண்டி. முழங்கால் வரைக்கும் மொச்சிருச்சு!"

ராக்கம்மாவின் கை கெண்டைக்காலில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இன்னும் இதமாகப் பிடித்தது.

அடுத்த வெள்ளி விடியும்போதே போர்வை உருவப்பட்டது.

"எந்திரிங்க. பெரட்டுக்கு நேரமாச்சு."

பெரட்டு என்றால் தோட்டத்தில் ஆளை வரிசையாய் நிறுத்தி வேலை பிரிக்கிற நேரம். பொன்னுச்சாமிக்குத் தூக்கம் பாதியும் உயிர் பாதியும் போயிற்று.

"என்னாது?"

"நான் வேலைக்குப் போற வீட்டுல, பின்னாடி பேரீச்ச மரமும் செடியுமா வளந்து கெடக்கு. வெட்ட ஆளில்லன்னு அந்தம்மா ஒரே பொலம்பல். ஜப்பான்லயே கவ்வாத்து வெட்டின ஆளு எங்க வீட்டுல இருக்காருன்னேன். வெள்ளிதோறும் வரச் சொல்லிட்டாங்க."

"ஐயோ, முடியாதுன்னு சொல்லிரு புள்ள!"

"சொல்லலாம். காரணம் கேப்பாங்களே. தோட்டத்துல வேலையே பாக்கலன்னு சொல்லட்டா?"

அவள் அரிவாளைக் கையில் கொடுத்தாள்.

"பேரீச்சையில முள்ளு இருக்கும் புள்ள..."

"அத்தன அட்டை கடிச்சும் ஒரு வடுகூட விழாத காலு உங்களுது. முள்ளு என்னாங்க பண்ணிரும்? நடங்க."