தமிழினியின் கால் தெரியவில்லை

“அப்ப என் காலு எங்கண்ணே?” என்று கேட்டாள் தமிழினி.

போனில் அவள் இடுப்புவரைதான் இருந்தாள். அதற்குக் கீழே ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு கலங்கல். கபடியில் அவளைப் பிடிக்க எதிரில் நின்ற ஆறு பெண்களும் மூக்குத்தி உட்பட தெளிவாக இருந்தார்கள்.

வீடியோ எடுத்த அண்ணன் வினோத்குமாருக்கு நம்ப முடியவில்லை. போனில் இருப்பதிலேயே பெரிய அளவான 4கே-யைத்தான் வைத்திருந்தான். அவன் வேலை பார்ப்பது போடியில் ஏலக்காய்க் கடையில். அங்கே எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்குத்தான் மரியாதை. பெரிதாக இருந்தால் உசத்தி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

விளையாட்டு விடுதிக்குக் கபடி ஆட்டக்காரிகளை எடுக்கிறார்கள். ஒரே ஒரு வீடியோ, வெட்டாமல் ஒட்டாமல், ஸ்லோமோஷன் இல்லாமல், சாயந்தரம் ஐந்து மணிக்குள் தேர்வு செய்கிற மேடத்தின் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும். அடுத்த வருடம் தங்கைக்கு வயது தாண்டிவிடும்.

காலையிலேயே எடுத்திருக்கலாம்தான். ஆனால் எதிரில் நிற்க ஆள் வேண்டுமே. அவர்கள் ஊர் குரங்கணியில் அவளோடு ஆடுகிற பெண்கள் எல்லாரும் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். அவர்களை இறக்கிவிடும் ஜீப் வரவே மூன்றேகால் ஆகிவிட்டது. நான்கு மணிக்கெல்லாம் மலை வெயிலை மறைத்துவிடும்.

போடியில் கல்யாண வீடியோ எடுக்கும் பிரபாகரனுக்குப் போன் போட்டான்.

“மாப்ளே, 4கேங்கிறது படம் எம்புட்டுப் பெருசுங்கிறது. ஓடுற காலுக்கு அது எதுக்கு? உன் போன்ல 4கே வச்சா செகண்டுக்கு முப்பது படந்தான் எடுக்கும். அளவக் கொறச்சு 1080 வையி, அறுபது எடுக்கும். காலு வந்துரும்.”

வைத்தான். தமிழினி மறுபடி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். கால் வந்தது, முகம் போனது. அளவு குறைந்ததால், தூரத்திலிருந்து ஜூம் போட்ட முகம் மாவு அப்பியது போல் ஆகிவிட்டது.

கிட்டே போய் எடுத்தான். முகம் நன்றாக இருந்தது. ஆனால் பாதி நேரம் ஆளே இல்லை, திரைக்கு வெளியே ஓடியிருந்தாள். போனை ஜீப்பின் பானெட்டில் நிறுத்தினான். டிரைவர் கண்ணுச்சாமி வண்டியை ஸ்டார்ட் செய்தார். படத்தில் மலையே நடுங்கியது.

அறுபதுக்கே கால் வந்தது என்றால் இருநூற்று நாற்பதுக்கு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அதையும் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு விநாடி ஆட்டம் ஒன்றரை நிமிடம் ஓடியது. கழுத்தளவு தண்ணீரில் நடக்கிறவள் போலத் தமிழினி திரும்பி வந்தாள்.

ஒவ்வொரு தடவையும், இன்னும் ஒரே ஒரு தடவை என்றான். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பக் கோட்டுக்குப் போனாள். பிடிக்க நின்றவர்கள்தான் முணுமுணுத்தார்கள். விடிகாலையில் மலை ஏறிய கால்கள் அவை.

மறுபடி 1080, அறுபது. அளவாகத் தள்ளி நின்றான். வெயில் போயிருந்தது. பதினோராவது தடவையில் எல்லாமே வந்துவிட்டது. முகம், பனியன் எண், கால்விரல் முதற்கொண்டு.

“மொதல்லயே இத வச்சிருந்தா அப்பவே சோலி முடிஞ்சிருக்கும்” என்றான்.

மணி நாலே முக்கால். அனுப்பப் போனவனின் கையிலிருந்து முத்துப்பேச்சி போனை வாங்கினாள். பிடிக்க நின்ற ஆறு பேரில் ஒருத்தி. தோட்டத்திலிருந்து தினமும் ரீல்ஸ் போடுகிறவள். வீடியோவின் விவரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, இதுவும் முப்பதுதான். வெளிச்சம் கொறஞ்சா இந்தப் போனு தானாவே அறுபதுலருந்து எறங்கிரும். இந்த மங்கல்ல முன்னைவிடக் கலங்கித்தான் தெரியணும். கேமரா சரியாகலண்ணே. இவதான் ஓஞ்சு மெதுவாயிட்டா, அதான் காலு தெரியுது.”

தமிழினி முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள். முதுகு ஏறி ஏறி இறங்கியது. ஜீப் வந்ததிலிருந்து அவன் அவளைப் போனில் இல்லாமல் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டாவது தடவையை அவன் கேட்கவில்லை. எடுத்ததிலேயே முதல் வீடியோவைத் தேடிப் பிடித்தான். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினான், அழித்தான், திரும்ப எழுதினான். நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான்.

“மேடம், தெளிவாத் தெரியிற ஆறு பேரும் புடிக்க நின்னவுக. கலங்கித் தெரியிறவதான் என் தங்கச்சி.”

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இன்னும் வரவில்லை. அந்த மேடம் நீங்களாக இருந்தால் சொல்லுங்கள், அவளைக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா?