மூடியில் போட்ட ஓட்டை

விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மனிதர் தன் வீட்டு நிலவறையில் பீர் காய்ச்சித் தானே குடிக்கலாம். விற்காத வரையில் அதில் தலையிட யாருக்கும் வேலை இல்லை. வேலை இல்லாதவர்கள் எந்த ஊரிலும் சும்மா இருப்பதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

மேப்பிள் ஹாலோவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லின் ஹப்னர், அக்டோபரில் நடக்கவிருந்த மகள் கெல்சியின் கல்யாணத்துக்காகப் பழுப்பு பீர் காய்ச்சினார். ஆசை மட்டுமில்லை, கொஞ்சம் ரோஷமும் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வின்ஸ்லோ டேட் சிகாகோக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பீர் பற்றி எழுதுவதே அவர் பிழைப்பு. நிச்சயதார்த்த விருந்தில் வெர்லின் ஊற்றிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, "நேர்மையான பீர்" என்று சொல்லிக் கோப்பையை மேசைமேல் வைத்தார். அதை அப்புறம் தொடவில்லை. பேருந்து ஓட்டுகிறவன் காய்ச்சிய பீர் என்பதைத்தான் மனிதர் நாகரிகமாகச் சொல்கிறார் என்று வெர்லினுக்குப் புரிந்தது. கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தித் தூக்கும் கோப்பையில் தன் பீர்தான் இருக்க வேண்டும், நுரை பொங்க இருக்க வேண்டும், வின்ஸ்லோ டேட் அதை அடிவரை குடிக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினார்.

வாளியில் பொங்கி அடங்கிய பீர் ஊமையாகத்தான் இருக்கும். பாட்டிலில் அடைக்கும் அன்று கொஞ்சம் சோளச் சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து அதில் கலந்துவிட வேண்டும். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று காற்றை விடும். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். மற்ற பாடெல்லாம் அந்த ஒரு சத்தத்துக்காகத்தான்.

வெர்லின் சர்க்கரையைக் கலந்தார். பாட்டில்களை நிரப்பினார். மூடி போடுவதற்குள் பேருந்துக் கொட்டகையிலிருந்து தொலைபேசி வந்ததால் மாடிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மனைவி ஜோனெல் கீழே வந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு மனிதர் சர்க்கரை போட மறந்து, வந்த விருந்தாளிகளெல்லாம் கழுவுநீரைக் குடித்ததுபோல முகம் சுளித்தது அவளுக்கு நினைவு வந்தது. அலமாரியில் இருந்த சர்க்கரை வில்லைகளை எடுத்து, பாட்டிலுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் மேலே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை வீட்டுக்கு அடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

"சர்க்கரை அளந்துதான போட்ட?" என்றாள் ஜோனெல்.

"தராசுல வெச்சுப் போட்டேன்."

"நீ போட்டியா?"

"பின்ன யாரு போடுவா?"

"நீ மறந்திருப்பேன்னு நானும் போட்டேன்."

"போட்டத ஏன் சொல்லல?"

"சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு பார்த்தேன்."

அவர்கள் காலடியில் இன்னொரு பாட்டில் வெடித்தது.

இதற்கு வைத்தியம் உண்டு. ஒவ்வொரு மூடியையும் லேசாகத் தூக்கி, மிச்சக் காற்றை வெளியே விட்டு, மறுபடி அழுத்தி மூடினால் பீர் பிழைத்துக்கொள்ளும். ஒரு மத்தியான வேலை. வெர்லின் மான் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஐஸ் ஹாக்கி முகமூடியையும் மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார். வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டு அர்டிஸ் குவாம் கையில் தட்டோடு நின்றாள். ஊராட்சித் தலைவரும் அவள்தான்.

"கோவிச்சுக்காத வெர்லின். நான் இப்ப பக்கத்து வீட்டுக்காரியா வரல. ஊராட்சித் தலைவரா வந்திருக்கேன்."

"அப்ப அந்தத் தட்டு?"

"அது ஆப்பிள் கேக். பக்கத்து வீட்டுக்காரி குடுத்தனுப்பினா. சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

வெர்லின் உள்ளதைச் சொன்னார். உள்ளதைச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. அர்டிஸ் நின்ற இடத்திலேயே ஆழ்ந்து பரிசீலித்தாள். பீரைப் பற்றி ஊராட்சியில் விதி எதுவும் இல்லை. ஆனால் மூடிய கலன், உள்ளே அழுத்தம், வெடிக்கும் தன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பொருள் எதுவாயினும் அது கொதிகலன். கொதிகலனுக்கு விதி இருக்கிறது. ஆய்வாளர் வந்து பார்வையிடும் வரை யாரும் அதைத் தொடலாகாது.

"ஆய்வாளர் எங்க?"

"கர்ட் வில்வேட்டைக்குப் போயிருக்கான். மான் கிடைச்சதும் வந்துடுவான்."

அந்த ஆண்டு மான்கள் புத்திசாலியாக இருந்தன. கர்ட் வருவதற்குள் பாட்டில்கள் தம் இஷ்டத்துக்கு வெடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் வாசல் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'முன் அனுமதியின்றி வெடித்தமை.' வெர்லின் ஊராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசினார். அர்டிஸ்தான் எடுத்தாள்.

"முன் அனுமதி எப்படி வாங்கறது?"

"வெடிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால எழுதிக் குடுக்கணும். எந்த பாட்டில், எத்தன மணிக்குன்னு."

"அது பாட்டிலுக்குல்ல தெரியும்?"

"அதனால என்ன, பாட்டில் சார்பா நீ கையெழுத்துப் போடலாம். விதியில இடம் இருக்கு."

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கர்ட் பாலன்ஸ்கி மான் இல்லாமல் வந்து சேர்ந்தார். வெர்லினும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே அணியில் பந்து உருட்டுகிறவர்கள். உள்ளே வந்ததும் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "என்னடா, கல்யாண மாப்பிள்ளைக்கு மாமனாரே! பயம் வந்துடுச்சா?" என்றார். ஜோனெல் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு கக்கத்தில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது.

"திரு. ஹப்னர் அவர்களே, கொதிகலன் எங்கே?"

"கொதிகலன் இல்லடா, பீரு."

"உள்ளே அழுத்தம் உண்டா?"

"உண்டு."

"அழுத்தம் வெளியேற வால்வு உண்டா?"

"பாட்டிலுக்கு ஏதுடா வால்வு?"

"வால்வு இல்லாத கொதிகலன்," என்று கர்ட் கவலையோடு எழுதிக்கொண்டார்.

"கர்ட், நான் சொல்றதக் கேளு. மூடியக் கொஞ்சம் தூக்கிக் காத்த விட்டுட்டு மறுபடி மூடினா சரியாப் போயிடும்."

கர்ட் தொப்பியைக் கழற்றினார். "அதான் வழி. போன வருஷம் நானும் அதத்தான் பண்ணேன்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இயங்கிக்கொண்டிருக்கும் கலனைத் திறப்பது விதிப்படி குற்றம். ஒவ்வொரு மூடியிலும் நிரந்தரமாக ஒரு துளை இடப்பட வேண்டும்."

"ஓட்டை போட்டா காத்தெல்லாம் போயிடுமே!"

"அதுவே நோக்கம்."

"காத்துப் போனா அது பீரே இல்லடா!"

"பீரா இல்லையா என்பது என் துறை சார்ந்தது அல்ல."

முதல் மூடியில் துளைப்பான் இறங்கியதும் பீச்சியடித்த பீர் ஆய்வாளரைத் தொப்பி முதல் காலணி வரை நனைத்தது. அவர் அசையவில்லை. மிச்சம் இருந்த மூடிகளிலும் ஓட்டை போட்டார். ஓட்டைக்குள் ஈ போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பஞ்சு அடைத்தார். 'பாதுகாப்பானது' என்று ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் சீட்டு ஒட்டினார். போகும்போது வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "பாவம்டா, நல்ல பீரு," என்று சட்டைக் கையை நக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதிதாகக் காய்ச்ச நேரமில்லை. "கடையில தகர டப்பா பீர் வாங்கி ஊத்திடலாம்," என்றாள் ஜோனெல்.

"கெல்சி அழைப்பிதழ்லயே போட்டுட்டா. 'அப்பா காய்ச்சிய பீர்.'"

கல்யாணம் ஊர் மன்றத்தில் நடந்தது. வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்ததும் வெர்லின் தன் கையாலேயே வின்ஸ்லோ டேட்டுக்கு ஊற்றினார். சத்தமில்லை. நுரையில்லை. குட்டைத் தண்ணீர் மாதிரி கோப்பையில் அது படுத்துக் கிடந்தது. வெர்லின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வின்ஸ்லோ குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"குமிழி எங்கே?"

"அது வந்து..." என்று வெர்லின் ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க! வேணும்னே எடுத்துட்டீங்க! இத்தன வருஷமா பீர் நம்ம காதுக்குள்ள கத்திக்கிட்டே இருந்திருக்கு. இப்பத்தான் முதல்முறையா வாயை மூடிக்கிட்டு நாம பேசறதக் கேக்குது." மறுபடி ஒரு வாய் குடித்தார். கண்கள் சுருங்கின. "கடைசியில நாக்குல லேசா ஒரு... பஞ்சு?"

"பஞ்சுதான்," என்றார் வெர்லின். வேறு என்ன சொல்வது?

"எந்த ஊர்ப் பஞ்சு?"

"மருந்துக்கடைப் பஞ்சு."

வின்ஸ்லோ டேட் கண்களை மூடிக்கொண்டு அடிவரை குடித்தார். வெர்லின் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்கு 'மௌன பீர்' என்று வந்தது. அதற்கடுத்த வாரம் சிகாகோவிலிருந்து தாடி வைத்த இளைஞர்கள் மேப்பிள் ஹாலோவுக்கு வரத் தொடங்கினார்கள். ஓட்டை நடுவில் இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஓரத்தில் இருந்தால்தான் ஆழம் கிடைக்கும் என்று ஒரு கட்சி. வெர்லின் பார்த்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னார்.

"தம்பி, அது தப்பா நடந்துபோச்சு. சர்க்கரை ரெண்டு தடவ விழுந்துடுச்சு."

"என்ன ஒரு பணிவு!" என்றார்கள் அவர்கள்.

வருகிறவர்களுக்காக ஊரே மூடியில் ஓட்டை போட ஆரம்பித்தது. ஆனால் ஊரில் ஒருவருக்கும் அந்தப் பீர் பிடிக்கவில்லை. மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்க்காரர் முன்னால் மௌன பீரைக் குடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குப் போய் நிலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு குமிழி பீர் அடைத்தார்கள். நாள் முழுக்க அடக்கிய ஆத்திரத்தில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டார்கள்.

ஜனவரியில் ஊராட்சிக் கூட்டம். 'ஊரின் மரபைக் காக்கும் பொருட்டு, ஓசை எழுப்பும் பீர் எதையும் ஊர் எல்லைக்குள் அடைக்கவோ திறக்கவோ கூடாது' என்பது தீர்மானம். மரபுக்கு அப்போது மூன்று மாத வயது. வழிமொழிய வேண்டியவர் வெர்லின்.

"நான் எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்," என்றார் அவர் மன்றத்து வாசலில். "இது நான் காய்ச்சின பீரே இல்லன்னு சொல்லிடப் போறேன்."

"சொல்லு. நானாச்சு," என்றாள் ஜோனெல். "கோட்டுக்குள்ள என்ன முட்டிக்கிட்டு நிக்குது?"

"ஒண்ணே ஒண்ணுதான். கூட்டம் முடிஞ்சதும் மீன் வறுவலுக்குத் தொட்டுக்க."

வெளியே பனி கொட்டியது. உள்ளே மன்றத்தைச் சூடாக்கும் இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. நெற்றியில் வேர்வை வழிய, நெஞ்சோடு கையைச் சேர்த்துப் பிடித்தபடி ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் சம்பந்தி வின்ஸ்லோ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

வெர்லின் எழுந்தார். நூறு கண்கள் அவரைப் பார்த்தன. அவர் உண்மையைச் சொல்லிவிட மாட்டாரா என்று அந்தக் கண்கள் ஏங்கின. அவருக்கோ அவை முறைப்பதுபோலத் தெரிந்தன. தொண்டையைச் செருமினார்.

"நான்... வழிமொழிகிறேன்."

பின்வரிசையில் யாருடைய கோட்டுக்குள்ளோ 'டப்' என்று ஒரு மூடி தெறித்தது.

பக்கத்தில் இருந்தவர் அவசரமாக இருமினார். நடுவரிசையில் இன்னொரு 'டப்'. நாலு பேர் இருமினார்கள். அப்புறம் சோளப்பொரி பொரிகிற மாதிரி வரிசை வரிசையாகத் தெறிக்க, மன்றமே ஒரே குரலில் இருமியது. வெர்லினின் மூடியும் போய், பீர் காற்சட்டைக்குள் குளிர இறங்கியது. அவர் உயிரைக் கொடுத்து இருமினார். மேடையில் அர்டிஸின் கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தம் வந்தது. அவள் மேசையைத் தட்டி, "அமைதி! அமைதி!" என்றாள். கழுத்துப்பட்டை வழியாக நுரை எட்டிப் பார்த்தது.

"ஆய்வாளர் அவர்களே, ஏதாவது ஓசை கேட்டதா?"

கர்ட் தொப்பியைக் கழற்றி இருமினார், கோட்டின் முன்பக்கத்தைப் பிழிந்தார், தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "இருமல் மட்டுமே கேட்டது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'ஊரின் ஆன்மா பேசியது' என்று வின்ஸ்லோ எழுதிக்கொண்டார். அவர் கோட்டும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை தெரு முழுவதும் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் அலசிப் போட்ட கோட்டுகள் உறைந்துபோய்க் கைகளை விரித்துக்கொண்டு தொங்கின. தொப்பி அணிந்த கர்ட் வீடு வீடாக ஓர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டு வந்தார்: 'முன் அனுமதியின்றி இருமியமை.'

"யாருமே நிஜமா இருமலன்னு உனக்குத் தெரியாதாடா?" என்றார் வெர்லின்.

"தெரியாமல் இருப்பதே என் பணி, திரு. ஹப்னர் அவர்களே."

தெருக்கோடியில் இருந்த தன் வீட்டுக் கதவில் கடைசிச் சீட்டை அழுத்தி ஒட்டினார் கர்ட். பணி முடிந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், கதவில் இருந்ததைப் படித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"அட அநியாயமே! இந்த ஊர்ல மனுஷன் நிம்மதியா இருமக்கூட முடியாதா?"